மீனுக்குத் தாய் சொன்ன மகனுக்கு

மகனே, உன் அம்மா உடம்பு முடியாமல் படுத்த படுக்கையாக இருக்கிறேன். என்ன நோய் என்று நீ பெண் வீட்டில் சொன்னாயோ, அது எனக்குத் தெரியாது. அதனால் இருமுவதா, நொண்டுவதா என்று புரியாமல், காலையில் எழுந்து ஏரிக்குப் போய், இடுப்புத் தண்ணீரில் நின்று இறால் பிடித்துவிட்டு வந்து, ஒரு சட்டி சோறு தின்றுவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நோயின் பேரை மட்டுமாவது சொல்லி அனுப்பு. கேட்கிறவர்களிடம் நீ ஒன்று சொல்லி நான் ஒன்று சொன்னால் உனக்குத்தானே அசிங்கம்.

நான் படித்தது மூன்றாவது. எழுத்து கோணலாகத்தான் இருக்கும், உன் மனசு அளவுக்குக் கோணல் இல்லை. போனில் பேசலாம் என்றால் ‘அம்மா, மீட்டிங்ல கீறேன்’ என்று வைத்துவிடுகிறாய். மீன்களோடு என்னடா மீட்டிங். அதனால் எழுதுகிறேன். உறையை ஒட்டாமல் ஷேர் ஆட்டோக்காரரிடம் கொடுத்து அனுப்பப் போகிறேன். வழியில் யார் பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும். பேர் ஒன்றும் போடவில்லை. பிள்ளை பெற்ற எவளும் தான் எழுதினதாக நினைத்துக்கொள்ளட்டும், பிள்ளையாகப் பிறந்த எவனும் தனக்கு வந்ததாக நினைத்து ஒரு நிமிஷம் பயப்படட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆவணியில் உனக்குக் கலியாணம். பெண் நல்ல பெண், அவள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஏரிக்கு நடுவில் இருக்கிற ஊர், பாடு உள்ள வீடு. வழியில் படிக்கிற வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன்: ஏரியில் எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை கட்டுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள், அதுதான் பாடு. அந்தச் சீட்டில் பேர் இருக்கிறவன் பெரிய மனிதன். நாங்கள் பேர் இல்லாத சனம். வலையும் இல்லை, படகும் இல்லை. தண்ணீரில் இறங்கிச் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள். உன் நைனா பாடுக்காரர் பக்கம், நான் இந்தப் பக்கம், நீ ரெண்டும். ஆனால் பெண் வீட்டில் நீ என்ன சொன்னாய்? அம்மாவும் பாடு உள்ள ஊர்தான், சுண்ணாம்புக்குளம் தாண்டி ஆந்திரா பக்கம், உடம்பு முடியாமல் கிடக்கிறாள், கலியாணத்தில் அம்மா இடத்தில் அத்தை நிற்பாள். இத்தனை பொய்யையும் ஒரே மூச்சில் சொன்னாயா, இல்லை நடுவில் தண்ணீர் வாங்கிக் குடித்தாயா?

உன் நைனா என்னைக் கட்டிக்கொண்டபோது அவர் ஊரில் கூட்டம் போட்டார்கள். ‘அவளை வெச்சுக்கணும்னா வெச்சுக்கோ, இனிமே சீட்டுல உன் பேரு கெடையாது’ என்றார்கள். அவர் ‘சரி’ என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். ‘இன்னாய்யா, சண்டை கிண்டை போட்டியா?’ என்று கேட்டேன். ‘இல்ல, பசிக்குது’ என்றார். அதோடு முடிந்தது. அன்றிலிருந்து அடுத்தவர் படகில்தான் கூலிக்குப் போகிறார். ஒரு நாள் கூட என் முகத்தைப் பார்த்து ‘உன்னாலதான்’ என்று சொன்னதில்லை. குழம்பில் உப்புக் கூடினால் மட்டும் வாயைத் திறப்பார். அந்த மனிதனுக்குப் பிறந்தவன் நீ. அவர் மூக்கு உனக்கு இருக்கிறது, அவர் குறட்டை இருக்கிறது, அந்த ‘சரி’யை மட்டும் எங்கேடா தொலைத்தாய்? நான் இதை எழுதப் போகிறேன் என்று தெரிந்ததும் ‘வலை பின்னணும்’ என்று சொல்லிவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டிருக்கிறார். நம் வீட்டில் வலையே கிடையாது.

நீ மீன் படிப்பு படித்துவிட்டு, காட்டூர் தாண்டி அந்த மீன்குஞ்சுப் பண்ணையில் சேர்ந்த புதிதில் சோறு தின்னும்போதெல்லாம் மீன் கதைதான். ‘ஜிலேபி மீன்ல பல இனம் கீதும்மா. ஒரு இனத்துப் பொண்ணையும் வேற இனத்து ஆணையும் பாத்து ஜோடி சேத்து விட்டா, பொறக்குறது அத்தினியும் ஆணாவே பொறக்கும்’ என்றாய். ‘அடப்பாவி, பொண்ணே பொறக்காதா? எந்தக் கட்டைல போறவன்டா அப்படி வேணும்னு பண்றது?’ என்றேன். ‘நாங்கதான்’ என்றாய். ‘பொண்ணு மீனு சீக்கிரம் வளராதும்மா. முட்டைய வாயில வெச்சிகினு, குஞ்சு பொறிச்சி, அதுங்களையும் வாயில வெச்சிகினு பட்டினி கெடக்கும். ஆணுக்கு அந்த வேலையே இல்ல, ஜாலியா தின்னு கொழுக்கும். எங்களுக்கு எடைதான வேணும்?’ ‘இத்தப் பாக்கவா பண்ணைக்குப் போன, நம்ம தெருவுலயே பாத்திருக்கலாமே’ என்று நான் சொன்னதும் உன் நைனா தட்டோடு எழுந்து அந்தப் பக்கம் போனது ஞாபகம் இருக்கிறதா? சிரித்துச் சிரித்து உனக்குப் புரை ஏறியது.

அன்றைக்கே இன்னொன்றும் கேட்டேன். ‘இந்த இனத்துப் பொண்ணு, அந்த இனத்து ஆணுன்னு சொன்னியே, அத்த மாத்தி விட்டா?’ நீ விரலை நக்கிவிட்டு வாத்தியார் மாதிரி நிமிர்ந்தாய். ‘கணக்கே கெட்டுடும். அப்ப பொண்ணும் பொறக்க ஆரம்பிச்சிடும். ரெண்டு இனம் சேரும்போது எது அம்மான்றதுதாம்மா முக்கியம்.’ இந்த வார்த்தையை நான் சொல்லவில்லை மகனே. நீ சொன்னது, என் சோற்றைத் தின்றுகொண்டே சொன்னது. கீழே கோடு போட்டு வைத்துக்கொள்.

இன்னொரு நாள் போனில் ஒரு குட்டி மீனைக் காட்டினாய். எங்கேயோ வெளிநாட்டு ஆற்று மீன். ரொம்பக் காலத்துக்கு முன்னால் ரெண்டு இனம் கலந்து உண்டானதாம். அப்படிக் கலந்ததிலிருந்து அதுகளில் ஆணே கிடையாதாம், எல்லாம் பெண்ணாம். குட்டி போட வேண்டும் என்றால் பக்கத்து இனத்து ஆணைத் தேடிப் போகுமாம். அவன் சேர்ந்தால்தான் முட்டை வளர ஆரம்பிக்குமாம். ஆனால் அவன் சாயல், அவன் குணம் ஒன்றையும் குட்டி எடுத்துக்கொள்ளாதாம். அச்சு அசல் அம்மா மாதிரியே இருக்குமாம். ‘அப்ப அந்த ஆம்பள எதுக்குடா?’ ‘சும்மா முட்டைய எழுப்பி விட.’ ‘அலாரம்னு சொல்லு!’ என்றேன். ‘ஆமாம்மா, இனம் கலந்தா சில சமயம் புள்ள பெத்துக்குற வழியே மாறிப் போயிடும்’ என்று நீ ஆச்சரியமாகச் சொன்னாய். அன்றைக்கு எனக்கு அது வெறும் தமாஷ். இன்றைக்குத்தான் பார்க்கிறேன், அந்த மீனைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டால் அது நீதான். நைனா வீட்டை மட்டும் அச்சடித்துக்கொண்டு வெளியே வந்தவன் மாதிரி நிற்கிறாய். நான் சும்மா எழுப்பி விட வந்தவள். பத்து மாதம் அலாரம் அடித்திருக்கிறேன்.

போன மழையில் உங்கள் பண்ணைக் குட்டையின் கரை உடைந்து மீனெல்லாம் கால்வாய் வழியாக ஏரிக்குப் போனதே, அப்போது நீ கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. ‘போனது எல்லாம் ஆணும்மா, பொண்ணு இல்லாம இன்னா பண்ணிடும்? அதுவும் இல்லாம உப்புத் தண்ணி தாங்காது’ என்றாய். எனக்கும் சரியாகத்தான் பட்டது. ‘பாவம்டா, கட்டைப் பிரம்மச்சாரிங்க’ என்று உச்சுக் கொட்டினேன். மழைக்கு ஏரியில் உப்புக் குறைந்திருக்கிறது, ஓரத்தில் ஏற்கனவே பழைய கறுப்பு ஜிலேபி கூட்டம் கூட்டமாக இருக்கிறது, அதில் பெண்ணும் இருக்கிறது என்று படித்த உனக்கும் தோன்றவில்லை, தினமும் அதன் மேல் கால் வைத்து நடக்கிற எனக்கும் தோன்றவில்லை. ஆண்பிள்ளை தன் இனத்தை விட்டுத் தனியாக வெளியே போனால் ஒன்றும் நடக்காது என்று நம்பினோம் பார், அதுவும் உன் நைனாவைக் கண்ணெதிரே உட்கார வைத்துக்கொண்டு!

அப்புறம் வெயில் ஏறி, ஏரி வற்றி, தண்ணீரை நாக்கில் வைக்க முடியாத உப்பாக ஆன சமயம். ஒரு நாள் காலையில், பிடித்த இறாலைப் போடுகிற ஓலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு சேற்றைத் தடவிக்கொண்டே போகிறேன், கை கிண்ணம் மாதிரி ஒரு குழிக்குள் இறங்கியது. கொஞ்சம் தள்ளி இன்னொரு கிண்ணம். இறால் ஒண்டிக் கிடக்கிற சேற்றையெல்லாம் ஆண் ஜிலேபி குடைந்து, பெண்ணை அழைக்கக் குழி கட்டி வைத்திருக்கிறான். எனக்கு வயிறு எரிந்தது. அங்கேதான் அவள் என் கையில் மாட்டினாள். உடம்பு கறுப்பு ஜிலேபி மாதிரி, வாலில் உங்கள் பண்ணை மீன் மாதிரி கோடு கோடாக, வாய் மட்டும் உப்பிக்கொண்டு. கூட வந்தவள் எட்டிப் பார்த்துவிட்டு, ‘இன்னாக்கா, இதுக்குப் பல்லு வலி போல கீது’ என்றாள். எனக்குப் புரிந்துவிட்டது. உங்கள் பிரம்மச்சாரி ஒருவன் குடும்பம் நடத்தியிருக்கிறான். உனக்குக் காட்டினால் குதிப்பாய் என்று ஏரித் தண்ணீரோடு பக்கெட்டில் போட்டு, ஈரப் புடவையைக் கூட மாற்றாமல், பறி கழுத்தில் தொங்க ஷேர் ஆட்டோ பிடித்து உன் பண்ணைக்கு வந்தேன். ஆட்டோவில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டாள். ‘இன்னும் கொஞ்சம் தூரம்தான், தாங்கிக்கோ கண்ணு’ என்று அவளை வேறு சமாதானம் செய்துகொண்டு வந்தேன்.

வந்தால், உன் வருங்கால மாமனார் வெள்ளைச் சட்டையில் தொட்டி தொட்டியாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். என்னைப் பார்த்ததும் உன் முகம் ஐஸில் போட்ட மீன் மாதிரி ஆனது. ஆனாலும் பக்கெட்டைப் பார்த்துவிட்டாய், உனக்குக் கை சும்மா இருக்குமா? அவளைத் தூக்கிக் கண்ணாடித் தொட்டியில் விட்டாய். கொஞ்ச நேரம் அசையாமல் நின்றாள். பிறகு வாயைத் திறந்தாள், குஞ்சுகள் புகை மாதிரி வெளியே வந்தன. யாரோ கையை ஆட்டினார்கள், அத்தனையும் திரும்ப வாய்க்குள் ஓடிவிட்டன. ‘அட இன்னா தம்பி இது, துப்புது, முழுங்குது!’ என்றார் அவர்.

‘முழுங்கல மாமா, காப்பாத்துது’ என்றாய் நீ. ‘இது ரெண்டு இனம் கலந்து பொறந்தது. அப்பன் நம்ம பண்ணை மீனு. அம்மா ஏரியில கீற கறுப்பு ஜிலேபி. அப்பன் இனம் இந்த உப்புல முட்டையே வைக்காது மாமா. இது பாருங்க, வெச்சி, பொறிச்சி, வாயிலயும் வெச்சிகினு கீது. அந்தத் தெம்பு அம்மா வழி வந்தது.’

என்ன சந்தோஷம் உன் குரலில்! நான் பெற்றது இதுவா என்று எனக்கே நெஞ்சு நிமிர்ந்தது. அவரும் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, ‘நல்லா சொன்ன தம்பி’ என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, ‘ஆமா, இந்தம்மா யாரு?’ என்றார்.

நீ என்னைப் பார்த்தாய். நான் உன்னைப் பார்த்தேன். ‘இவங்க... எறா குடுக்க வர்றவங்க மாமா’ என்றாய்.

ஒரு மீனுக்கு அப்பன் யார், அம்மா யார், எந்தத் தெம்பு யாரிடமிருந்து வந்தது என்று மூச்சு விடாமல் சொன்ன வாய்டா அது. எச்சில் காய்வதற்குள் மாறிவிட்டது. நான் என்ன செய்தேன்? ‘ஆமாங்க ஐயா, உயிர் எறா, துள்ளுது பாருங்க’ என்று பறியைச் சரித்து, அவர் பையில் ரெண்டு கை அள்ளிப் போட்டேன். ‘எவ்ளோம்மா?’ என்று அவர் சட்டைப் பையில் கையை விட்டார். ‘காசு வேணாங்க, மாப்பிள்ள வீட்டு சீர்னு வெச்சிக்கோங்க’ என்றேன். மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ‘தமாஷான அம்மா தம்பி!’ என்றார். நீ மட்டும் சிரிக்கவில்லை, தொட்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாய். அம்மா விட்டுக்கொடுக்காமல் காப்பாற்றினாள் என்று நினைத்துக்கொண்டு திரியாதே. பெற்ற பிள்ளை என்னை இல்லை என்று சொன்னதை ஒரு வெளி ஆள் பார்க்கக் கூடாது. என் மானத்துக்காகச் செய்தேன். உனக்காக இல்லை.

மறுநாள் போன் செய்தாய். மன்னிப்புக் கேட்கப் போகிறாய் என்று எடுத்தேன். ‘கோச்சிக்காதம்மா. அவங்க ஊர்ல ஒத்துக்க மாட்டாங்க. ஒரே ஒரு நாளு, அத்தை நிக்கட்டும். அப்புறமா மெதுவா சொல்லிக்கலாம்.’ ‘எப்படா மெதுவா? எனக்குப் பால் ஊத்தும்போதா?’ என்றேன். வைத்துவிட்டாய். மீட்டிங்.

இப்போது சொல்வதை அன்பில் சொல்வதாக நினைக்காதே, கோபத்தில்தான் சொல்கிறேன். பறியைப் பல்லில் கவ்விக்கொண்டால் ரெண்டு கையும் சேற்றுக்கு. பேச முடியாது, தின்ன முடியாது, ஒருத்தன் திட்டினால் திருப்பித் திட்டவும் முடியாது. பாடுக்காரர் படகில் போகும்போது, ‘ஏய், அந்தாண்ட போ, வலை கட்டணும்!’ என்று கத்துவார்கள். நான் ஒன்றும் சொல்லாமல் நகர்ந்து போவேன். அடக்கமான பொம்பளை என்று பேர் வந்தது. அடக்கமும் இல்லை ஒரு மண்ணும் இல்லை, வாயில் பறி இருந்தது, அவ்வளவுதான். அந்தப் பறிக்குள்தான் உன் பள்ளிக்கூடம் இருந்தது, காலேஜ் இருந்தது, நீ மாட்டிக்கொண்டு திரிகிற அந்த வெள்ளைக் கோட்டும் இருந்தது. பெண் மீன் பட்டினி கிடக்கும், அதனால் எங்களுக்கு ஆகாது என்று சொன்னாயே, அந்தப் பண்ணைக்காரப் பேச்சை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டாய்.

பள்ளிக்கூடத்தில் ‘கலப்பு, கலப்பு’ என்று கூப்பிட்டுக் கேலி செய்கிறார்கள் என்று நீ ஒரு நாள் அழுதுகொண்டு வந்தாய். மறுநாள் ஏரியிலிருந்து நேரே பள்ளிக்கூட வாசலுக்கு வந்து, ‘எவன்டா அவன்? கலப்பு அவ்ளோ கேவலம்னா அவன் அம்மா எதுக்குச் சாம்பார்ல அத்தினி காய் போடுறா?’ என்று சத்தம் போட்டேன். அந்தப் பையன்களே சிரித்துவிட்டார்கள். நீ ஓடி வந்து என் புடவைக்குள் புகுந்துகொண்டாய். அதே ஈரப் புடவைதான், அதே சேறுதான். அன்றைக்கு உனக்கு நாறவில்லை.

‘எத்தினி நாளைக்குடா குஞ்ச வாயில வெச்சிகினு இருக்கும்?’ என்றும் உன்னை ஒரு தடவை கேட்டிருக்கிறேன். ‘கொஞ்ச நாளுதான். வாய் கொள்ளாத அளவுக்கு வளந்துட்டா அப்புறம் தெறக்காதும்மா. அதுக்கப்புறம் அது யாரோ, இது யாரோ’ என்றாய். மீனுக்குச் சரி. நீ வளர்ந்துவிட்டாய், நானும் வாயை மூடிக்கொள்ளலாம். ஆனால் ஒன்று யோசித்துப் பார்த்தாயா? அந்த யாரோ என்கிற பேச்சை அங்கே கூட முதலில் சொல்கிறது தாய் மீன்தான். எந்தக் குஞ்சும் திரும்பிப் பார்த்து, ‘இது எறா குடுக்க வர்ற மீனு’ என்று சொன்னதாக நீ படித்த புத்தகத்தில் இருக்கிறதா?

நாளைக்கு அந்தப் பெண்ணுக்கு ஒரு பிள்ளை பிறக்கும். தண்ணீரைக் கண்டால் இறங்கி, உட்கார்ந்து, சேற்றைக் கையால் தடவும். எத்தனை சோப்புப் போட்டாலும் அது போகாது. ‘இது யார் வழிங்க வந்தது?’ என்று அவள் கேட்பாள். அப்போதும் அத்தையைக் காட்டுவாயா? அத்தைக்குத் தண்ணீரைப் பார்த்தாலே ஜலதோஷம் பிடிக்கும். அந்தப் பெண்ணைப் பொய்யில் குடிவைக்காதே. நான் பொய்யில் குடிவரவில்லை. என்னைக் கட்டினால் என்ன போகும் என்று ஊரே கூடி உன் நைனாவிடம் சொன்னது, தெரிந்துதான் கட்டினார்.

அதனால் என் முடிவைக் கேட்டுக்கொள். ஆவணிக்கு முன்னால் ஒரு நாள் நீயே வந்து என்னைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போ. ‘மாமா, அன்னிக்கு எறா குடுத்தாங்களே, அவங்கதான் என் அம்மா’ என்று சொல். அதற்காக அவர்கள் கலியாணத்தை நிறுத்தினால் நிறுத்தட்டும். அப்போது ‘சரி’ என்று எப்படிச் சொல்வது என்பதை உன் நைனாவிடம் கேள், மனிதர் சும்மாதான் இல்லாத வலையைப் பின்னிக்கொண்டிருக்கிறார். நீ வரவில்லை என்றால் கலியாணத்தன்றைக்கு அந்த ஊருக்கு நானே வருவேன். உன் பேச்சைக் கேட்டுப் படகுக்காரன் ஏற்ற மாட்டேன் என்று சொன்னால் நடந்தே வருவேன். இந்த ஏரி எனக்கு இடுப்பளவுதான்.

பயப்படாதே, மேடை ஏறிச் சண்டை போட மாட்டேன். நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு, முன்வரிசையில் உட்காருவேன். மேலே உன் அத்தை என் இடத்தில் நிற்பாள், நான் கீழே இருந்து அழகு பார்ப்பேன். ஆனால் உன் மாமனார் என்னை மறந்திருக்க மாட்டார். பார்த்ததும் சிரித்துக்கொண்டே வருவார். ‘அட, எறா அம்மா! நீ யாரு வீட்டு ஆளும்மா?’ என்று கேட்பார். அன்றைக்குப் பண்ணையில் உன்னைக் கேட்டார். இந்த முறை என்னைத்தான் கேட்பார்.

அன்றைக்கு என் வாயில் பறி இருக்காது.

இப்படிக்கு,
ஒரு நோயும் இல்லாத உன் அம்மா